பின்னிருக்கை

சபிக்கப்பட்ட எழுபத்து மூன்று என்பார்கள் அந்தத் தூரத்தை.
கிரகோரெசுக்கும் த்ரெஸ் லாகோசுக்கும் நடுவே
நாற்பதாம் எண் சாலை தார் தீர்ந்துபோய்
வெறும் கூழாங்கல்லாகக் கொட்டிக் கிடக்கிறது.
காற்று மேற்கிலிருந்து.
எப்போதும் மேற்கிலிருந்து.
பத்தொன்பது நாளாக வண்டியைச் சாய்த்தே ஓட்டியதில்
நேராக நிற்பது எப்படி என்று என் இடுப்புக்கு மறந்திருந்தது.

முப்பத்தோராவது கிலோமீட்டரில் விழுந்தோம்.
பெரிதாக ஒன்றுமில்லை.
வண்டி படுத்தது, நாங்கள் உட்கார்ந்தோம்,
பிளாஸ்க் உருண்டு உருண்டு
ஒரு குவானகோவின் காலடி வரை போனது.
அது எங்களைப் பார்த்தபடியே
மென்றுகொண்டிருந்தது.

என் வலது மணிக்கட்டு பன்னைப் போல உப்பியது.
மிர்த்தா தன் கழுத்துத் துணியை அவிழ்த்துச் சுற்றினாள்.
"ஏறு" என்றாள்.
எங்கே என்றேன்.
"இத்தனை நாள் நான் உட்கார்ந்த இடத்தில்."

இருபது வயதில் நெகோச்சேயாவில்
மருந்துக்கடை மொபெட்டில் ஊர் சுற்றியவள்.
மழையில் இன்சுலினைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
துறைமுகம் வரை போன கதை
கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும்.
தெரிந்ததை முப்பத்து நாலு வருடம்
எங்கே வைத்திருந்தேன் என்றுதான் தெரியவில்லை.

பின்னிருக்கைக்கு முன்பக்கம் கிடையாது.
எதிரே ஒரு வெள்ளை ஹெல்மெட்,
அதன் இடது ஓரத்தில் ஏதோ வண்டின் கறை.
பிரேக் பிடிக்கும்போதெல்லாம்
என் நெற்றி போய் அதில் டொக்கென்று முட்டும்.
(முட்டாதே, முட்டாதே என்று
பாஹியா பிளாங்காவிலிருந்து கத்திக்கொண்டே வந்தவன் நான்.)
மற்றதெல்லாம் பக்கவாட்டில்.
வேலிக்கம்பியில் சிக்கி உலர்ந்துபோன ஒரு தோல்.
நீலம் என்று சொன்னால் பொய்யாகிவிடும் ஓர் ஏரி.
தாகத்தில் செத்தவள் ஒருத்திக்காக
லாரிக்காரர்கள் விட்டுப்போன தண்ணீர் பாட்டில்கள்,
மூடி திறக்காமல், நூற்றுக்கணக்கில்.
இரவுதோறும் அவள் பேசியது
இந்தச் சாலையைப் பற்றித்தானா?
"அந்த நரியைப் பார்த்தாயா?"
நான் குழிகளைத்தான் பார்த்தேன்.
ம் என்றேன்.

கிளம்பும்போதே ஓர் ஒப்பந்தம் இருந்தது.
தோளில் ஒரு தட்டு, மெதுவாகப் போ.
இரண்டு, நிறுத்து.
மூன்று, ஒன்றுமில்லை, சும்மா.
ஒற்றைத் தட்டு எத்தனையோ முறை வந்தது.
ஜாக்கெட் தடிமன், தெரியவில்லை என்பேன்.
தெரியும்.
ஒவ்வொன்றும் தெரியும்.

இப்போது அவள் எழுபதில் போகிறாள்.
கூழாங்கல்லில், இந்தக் காற்றில், எழுபதில்.
ஒன்று தட்டினேன்.
கொஞ்சம் பொறுத்து ஒன்று.
பயத்தில் உடனே இன்னொன்று.
மொத்தமாகக் கூட்டி மூன்றென்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ,
தலையை ஆட்டிவிட்டு
எண்பதுக்குப் போனாள்.

த்ரெஸ் லாகோஸில்
டயருக்குக் காற்றடித்த எவாரிஸ்ட்டோ என்பவர்
பழக்கதோஷத்தில் சாவியை என்னிடம் நீட்டினார்.
மிர்த்தா குறுக்கே கைவிட்டு வாங்கினாள்.
தட்டினேனே என்றேன்.
"அப்படியா? ஜாக்கெட் தடிமன்."
எவாரிஸ்ட்டோவுக்கு ஒன்றும் புரியவில்லை,
ஆனாலும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஐந்து நாளாகிவிட்டது.
வீக்கம் மூன்றாம் நாளே வடிந்தது.
அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது
மீன் டப்பாவை இந்தக் கையால்தான் திறந்தேன்.
நேற்று ஒரு நரியைப் பார்த்தேன், சாம்பல் நிறம்,
ஓடவில்லை, எங்களைப் போகவிட்டு நின்றது.
ராத்திரி கூடாரத்தில் அதைச் சொன்னேன்.
எந்தப் பக்கம் என்று கேட்டாள்.
இடது என்றேன்.

பிறகு தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு
கட்டை அவிழ்த்தாள்.
மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.
முகத்தைச் சுளித்தேன்,
கொஞ்சம் தாமதமாகிவிட்டது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
துணியை ஓர் உதறு உதறி
முந்தைய ராத்திரியைவிடச் சற்று இறுக்கமாகவே
மறுபடி சுற்றினாள்.